பளபளக்கும் ஏழு மட்டைகளும் என் கட்டைவிரலும்

முப்பது வருடமாகப் பல் டாக்டராக இருக்கிறேன். என் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பவர்களில் பாதிப் பேர் "வலிக்குமா?" என்று கேட்பதற்கு முன்னால் "பார்க்க எப்படி இருக்கும் டாக்டர்?" என்று கேட்டுவிடுவார்கள். யார் கண்ணிலும் படாத கடைவாய்ப் பல்லுக்கும் அதே கேள்விதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "முதல்ல கடிக்க முடியுதான்னு பாருங்க, அழகெல்லாம் அப்புறம்" என்று வெடுக்கென்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன வாயோடு கோல்ஃப் மட்டை வாங்கப் போய், அழகைத் தவிர வேறு எதையுமே பார்க்காமல் வாங்கி வந்தேன். அந்த வினையால் என் வலது கை போய்விட்டது, தொழிலே போய்விட்டது என்று மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் தவித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சோறு இறங்கவில்லை.

கோல்ஃப் எனக்கு வந்தது என் கணவரின் முழங்காலால். கிண்டிப் பக்கம் உள்ள மைதானத்தில் அவர் பல வருடமாக ஆடிக்கொண்டிருந்தவர். முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதும் நிறுத்திவிட்டார். "நீ நாள் பூரா குனிஞ்சு அடுத்தவங்க வாயைப் பார்த்துட்டிருக்கே. காலையில போய் நாலு பந்து அடி, கொஞ்சம் வானத்தையும் பாரு" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டுக்கொண்டே போனேன். நாலு மாதம் அங்கேயே பயிற்சி மட்டைகளை இரவல் வாங்கி அடித்துப் பழகினேன். பத்துப் பந்தில் இரண்டு ஒழுங்காகப் போகும். அந்த இரண்டுக்காக மறுநாளும் போவேன்.

சொந்தமாக மட்டை வாங்கலாம் என்று ராயப்பேட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பாய். என் வயதுதான் இருக்கும். மட்டைக்குப் பிடி மாற்றுவது, நீளம் வெட்டுவது எல்லாம் அவரே செய்வார். என்னைக் கடைக்குள்ளேயே நாலு தடவை வீசச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு மட்டையை எடுத்து முன்னால் வைத்தார். அதன் இரும்புத் தலை கீழே தடித்து, முதுகில் குழி விழுந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இதுவா? தோசைக் கரண்டி மாதிரி இருக்கே" என்றேன்.

"பார்க்கச் சுமார்தாம்மா. ஆனா பந்து ஓரத்துல பட்டாலும் கை வலிக்காது. உங்களுக்கு இதுதான் சரி" என்றார்.

நான் கேட்டுக்கொண்டேனா? என் கண் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்ததன் மேல் இருந்தது. ஏழு மட்டைகள். தலைகள் மெல்லியவை, கத்தி போலத் தீட்டிய வளைவு, முகம் பார்க்கலாம் போன்ற மெருகு. ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன். அவர் தயங்கினார். "அது நல்லா ஆடுறவங்களுக்கும்மா. நடுவுல சரியா பட்டாத்தான் சொகுசு. கொஞ்சம் தள்ளிப் பட்டா அதிர்ச்சி அப்படியே தண்டு வழியா மேல வரும்" என்றார்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிட்டேன். தி. நகரில் பட்டு எடுக்கும்போது கடை விளக்கை நம்பாமல் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்போமே, அந்தப் பழக்கம். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் போன பேருந்து அதில் தெரிந்தது. ரோட்டோரம் நின்ற இரண்டு பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைக்காரர் பின்னாலேயே வந்து, "இவ்வளவு வருசத்துல மட்டையை வெளிச்சத்துல பார்த்து வாங்கினவங்க நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு ஏழு மட்டைகளையும் வாங்கி வந்தேன்.

மைதானத்தில் அதற்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டும். அங்கே என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர் ஒருவர் உண்டு. பைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்காரர். அடையாற்றங்கரையில் வளர்ந்தவர், அங்கே குடிசைகளை எடுத்த பிறகு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, நான் வருவதற்கு முன்னால் வந்து நிற்பார். பையைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். "டாக்டரம்மா, இன்னா பீஸு இது! டிவில ஆடுறாங்களே, அவுங்க வெச்சிக்கிற ஸ்டிக்கு" என்றார். அன்றைக்கு என் பையை மற்றப் பைக்காரர்கள் முன்னால் நாலு தரம் இறக்கி வைத்து ஏற்றினார்.

நன்றாக அடித்தேனா என்று கேட்காதீர்கள். பத்தில் இரண்டு என்பது பத்தில் ஒன்று ஆனது. ஆனால் அந்த ஒன்று போகிற அழகு வேறு. மற்ற ஒன்பது தடவையும் உள்ளங்கை சுள்ளென்று எரிந்தது. புதிது, பழகிவிடும் என்று நினைத்தேன். புதுச் செருப்பு கடித்தால் நாம் செருப்பையா குறை சொல்கிறோம்?

ஒரு மாதம் கழித்து ஒரு நாள், ஒரு பையனின் பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்த கருவி விரலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. இரண்டு நிமிடத்தில் சரியானது. மறுநாள் திரும்ப வந்தது. அதற்கு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் போகவே இல்லை.

பல் டாக்டருக்குக் கை மரத்துப்போனால் என்ன தோன்றும் என்று இன்னொரு பல் டாக்டருக்குத்தான் தெரியும். முப்பது வருடம் கழுத்தைச் சாய்த்தே வேலை. கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்தும். என்னோடு படித்த ஒருத்திக்கு அப்படித்தான் வந்தது. ஐம்பது வயதில் கிளினிக்கைப் பூட்டிவிட்டாள். எனக்கும் அதுவேதான் என்று நானே முடிவு கட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்க்கத் தைரியம் இல்லை. எடுத்தால் தெரிந்துவிடுமே! நோயாளிகளிடம் நாள் தள்ளாதீர்கள் என்று தினமும் உபதேசம் செய்பவளின் லட்சணம் இது.

வெளிக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சுத்தம் செய்வது, அடைப்பது போன்ற வேலைகளைச் செய்தேன். பலம் கொடுத்துப் பிடுங்க வேண்டிய பற்களை மட்டும் எதையாவது சொல்லித் தெரிந்த டாக்டர்களிடம் அனுப்பினேன். எல்லோரும் போனார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை.

சாந்தோம் கடற்கரையில் மீன் விற்கும் அம்மா அவர். பத்து வருடமாக என்னிடம் வருகிறார். ஞானப்பல் ஒன்று கோணலாக முளைத்து, அவ்வப்போது வீங்கி, வடிந்து, பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அதற்காக முதல் தடவை வந்தபோது, "வீக்கம் வடியட்டும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அது நியாயம்தான். இரண்டாவது தடவை வீக்கம் இல்லை. எனக்குக் கை மரத்திருந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கு. அவசரம்னா அடையாறுல ஒரு டாக்டர் இருக்கார், சீட்டு எழுதித் தரேன்" என்றேன்.

"நான் எதுக்கு ஊரு பேரு தெரியாத ஆள்கிட்ட வாயைத் தொறக்கணும்? நீயே எடு, எப்ப எடுக்கிறியோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் கிளினிக்கில்தான் செய்வேன். நாற்காலிக்கு மாலை, பல் பிடுங்கும் குறடுகள், துளை போடும் கருவி, கண்ணாடிகள் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம். அந்த வருடம் கணவர், "உன் மட்டையும் ஆயுதம்தானே" என்று காரிலிருந்து பையைத் தூக்கிவந்து வைத்தார். நியாயமாகப் பிடியில்தான் பொட்டு வைத்திருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அந்த மெருகிட்ட முகத்தில்தான் அழகு இருந்தது. ஏழு முகத்திலும் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாகப் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். ஏழு அம்மன்கள் நிற்பது போல இருந்தது. கருவிகளைக் கும்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கையைக் கொடு, வேறு எதையும் கேட்கவில்லை என்றேன். அழுகை வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று கணவரிடம் சொன்னேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் கும்பிட்டுவிட்டுக் குறடுகளை எடுத்து வேலையைத் தொடங்கினேன். மட்டைகளை எடுக்கவில்லை. சாயங்காலம் கொண்டுபோகலாம் என்று இருந்தேன், மழை பிடித்துக்கொண்டது. அது சாதாரண மழை இல்லை. மைதானம் குளமாகிவிட்டது, வரவேண்டாம் என்று செய்தி வந்தது. ஏழு மட்டைகளும் சந்தனப் பூச்சோடு கிளினிக் மூலையிலேயே சாய்ந்து நின்றன.

அந்த வாரம் மீன்காரம்மா வந்தார், அந்தப் பல்லுக்காக மூன்றாவது தடவை. மூலையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னா டாக்டரம்மா, இதான் புடுங்கற கம்பியா? இம்மாம் பெரிசா கீது! அதான் நாள் தள்ளினு கீறியா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் வாயைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "மழை விடட்டும்மா" என்றேன். மழைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. "சரி, வுடட்டும்" என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மழை மூன்று வாரம் விட்டு விட்டுப் பெய்தது. அந்த மூன்று வாரமும் கிளினிக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கை தேறி வந்தது. முதலில் நான் நம்பவில்லை. கணவரிடம் வெறும் கை வலி என்று மட்டும் சொல்லியிருந்தேன். மாட வீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஒரு எண்ணெயை அவர் தினமும் தேய்த்துவிட்டார். எண்ணெயின் மகிமை என்று அவர் சொன்னார். பூஜையின் மகிமை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேரும் பெருமையாக இருந்தோம்.

வெயில் வந்ததும் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சந்தனத்தைத் துடைக்கக்கூட இல்லை. சாமிக்கு வைத்ததைத் துடைக்க என்னமோ போல் இருந்தது. அந்த மட்டைகளின் முகத்தில் மெல்லிய கோடுகள் வரிவரியாக இருக்கும். பந்தைப் பிடித்து அனுப்புவது அவைதான். காய்ந்த சந்தனம் எல்லாக் கோடுகளையும் அடைத்திருந்தது. முதல் பந்து மட்டையில் வழுக்கிக்கொண்டு பக்கத்துப் புதரில் போய் விழுந்தது.

பைக்காரர் மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா, பொட்டு வெச்சி இட்டாந்துகீறீங்க! பந்து கும்பிட்டுக்கினு ஓரமா போய்டுச்சி" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஈரத் துணியால் தேய்த்தார். கோட்டுக்குள் இருந்தது வரவில்லை. அப்படியே ஆடி முடித்தேன். சரியாகப் பட்ட பந்து அன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கிளினிக்கில், பல் காறை சுரண்டும் பழைய கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு மட்டைகளோடு உட்கார்ந்தேன். கோடு கோடாகச் சந்தனத்தைச் சுரண்டினேன். நாலாவது மட்டையில் கருவி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கட்டைவிரல் மரத்திருந்தது. ஆள்காட்டி விரலும்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். குனிந்து கருவியை எடுத்தவள், மடியில் கிடந்த மட்டையைப் பார்த்தேன். மூன்று வாரம் கிளினிக்கில் இதே குனிவு, இதே கழுத்து, இதே வேலை. விரல் நன்றாக இருந்தது. இந்த மூன்று வாரத்தில் நான் தொடாதது இந்த ஏழு மட்டைகளைத்தான். இன்றைக்குக் காலையில் தொட்டேன். இன்றைக்குச் சாயங்காலம் மரத்துவிட்டது. பாவி, இது கழுத்தே இல்லை!

விரல் மரத்துப்போனதற்காக உலகத்திலேயே சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். மூன்று மாதமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கி நடந்து போனது போல இருந்தது. கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "மூணு மாசமா எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார். நான் மடியிலிருந்த மட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். "அப்ப என் எண்ணெய்?" என்று அவரே கேட்டு நிலைமையைக் காப்பாற்றினார்.

இப்போது தைரியம் வந்துவிட்டதால் மறுநாளே எலும்பு டாக்டரிடம் போனேன். கழுத்தைப் படம் எடுத்தார்கள். வயதுக்கு ஏற்ற தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இறுக்கிப் பிடித்து அதிர்ச்சியைத் திரும்பத் திரும்ப வாங்கியதில் விரல் நரம்பு நசுங்கியிருக்கிறது, மட்டையை மாற்றினால் போதும் என்றார். வெளியே வந்து பக்கத்து ஓட்டலில் தனியாக உட்கார்ந்து நெய் ரவா தோசை ஒன்று, அது போதாமல் இன்னொன்று சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சாப்பாடு ருசித்தது.

பைக்காரரிடம் சொன்னபோது அவர் பையைப் பார்த்தபடியே தலையைச் சொறிந்தார். "அது ஓரத்துல பட்டா கையைக் கடிக்குந்தான், டாக்டரம்மா. எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"நீங்க ஆசையா வாங்கினு வந்தீங்க. அதுவுமில்லாம, இத்த தூக்கினு போனா எனக்கு ஒரு கெத்து. எல்லாரும் பார்ப்பானுங்க. அதான் வுட்டுட்டேன்."

கோபம் உச்சிக்கு ஏறியது. திட்ட வாயெடுத்தேன். ஆனால் எந்த முகத்தோடு திட்டுவது? நானும் அதே கெத்துக்காகத்தானே வாங்கினேன்.

ராயப்பேட்டைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். பளபளப்பான ஏழு மட்டைகளையும் எடுத்துக்கொண்டு தோசைக் கரண்டிகளைக் கொடுத்தார். குனிந்து தரையில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் அசிங்கமாகத்தான் இருந்தது. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: கண்ணுக்குப் பிடிக்காததைக் கையில் எடுத்தால் வீசும்போது மனசு ஒட்டுவதில்லை. அழகு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்பவர்களை இன்றைக்கும் நான் நம்புவதில்லை. என் நோயாளிகள் கேட்கும் கேள்வியின் நியாயம் அந்தக் கடையில்தான் எனக்கு உறைத்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டி நிறைய ரப்பர் பிடிகளைக் கொட்டினார். மாம்பழ மஞ்சளில் ஒன்றை எடுத்தேன். அவரே அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "வாங்கம்மா, வெளிச்சத்துல பார்த்துருங்க" என்றார்.

இரண்டு வாரம் அவற்றால் அடித்தேன். பத்தில் ஐந்து நேராகப் போனது. தவறாகப் பட்ட ஐந்துக்கும் கை ஒன்றும் சொல்லவில்லை. விரல் மரக்கவே இல்லை. பைக்காரர் மட்டும் மஞ்சள் பிடிகள் வெளியே தெரியும்படி பையைத் திருப்பி மாட்டிக்கொண்டு, ஏதோ மனசைத் தேற்றிக்கொண்டார்.

அப்புறம் மீன்காரம்மாவுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். ஞானப்பல் லேசில் வரவில்லை. இருபது நிமிடம் ஆனது. குறடு பிடித்த கை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. வேர் அசைந்து கொடுக்கும் அந்தச் சின்ன நெகிழ்வு விரலுக்குத் தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் லேசானது. பல்லைத் தட்டில் போட்டேன். பஞ்சை வைத்து, "அரை மணி நேரம் கடிச்சுட்டு இருங்க. பேசக்கூடாது" என்றேன்.

அவர் தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கை சரியாய்ட்ச்சா?" என்றார்.

நான் விழித்தேன். "எந்தக் கை?"

"ரெண்டாவது தபா வந்தப்பவே பார்த்தேன். கட்டைவெரலை நசுக்கி நசுக்கி வுட்டுக்கினு இருந்தே. எனக்கும் ஒரு வருசம் அப்டித்தான், கத்தி புடிக்க முடியாம. அத்த வெளிய சொல்லிக்க முடியுமா? வெட்டத் தெரியாதவன்னு வேற ஆள்கிட்ட பூடுவாங்க. அதான் கை சரியாவட்டும்னு நானும் போய்ப் போய் வந்துக்கினு இருந்தேன்."

"வலியோட ஏம்மா காத்திருந்தீங்க? வேற டாக்டர்கிட்ட போயிருக்கலாமே" என்றேன்.

"போயிருந்தா நீ இன்னா நெனச்சிருப்பே?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை என்பது போல வாயைத் திறந்து காட்டினார்.

பழைய பஞ்சை வாங்கிப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு எடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் மென்மை நன்றாகத் தெரிந்தது.